அளவு பார்க்க வந்தவர்

இரணியல் பக்கத்தில் வேலைக்குப் போடும் உடுப்பு தைக்க வேண்டியவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்பது ஷைஜாவின் கடையில்தான். ஆட்டோ ஓட்டுகிறவர், வங்கி வாசலில் காவல் நிற்கிறவர், ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளுகிறவர் என்று யார் என்ன நிறத்தில், எங்கே பை வைத்துச் சட்டை போட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். சபையில் நடத்திய தையல் வகுப்பில் படித்து, கடன் வாங்கி மெஷின் போட்டு, பிறகு துணியும் வைத்து விற்கத் தொடங்கியவள். புருஷன் ரசலையன் அரசுப் பேருந்தில் நடத்துநர். ஒருமுறை அவன் சட்டையில் மேல்பொத்தான் அறுந்து கிடந்ததற்குச் சோதனைக்காரர் நடுவழியில் பேருந்தை நிறுத்தி, பயணிகள் முன்னால் அவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். ரசலையன் அதை அன்றைக்கே மறந்துவிட்டான். ஷைஜா இன்னும் மறக்கவில்லை. அவளுக்குக் கோபம் சட்டென்று வரும், போக நாளாகும்.

அன்று மத்தியானம் கடைக்குப் பிரீனா வந்திருந்தாள். ஷைஜாவின் சபையைச் சேர்ந்த பெண், அடுத்த வாரம் கல்யாணம். பட்டுச் சேலைக்குத் தைத்த ரவிக்கையின் கை இறுக்கிப் பிடித்தது. திரைக்குப் பின்னால் நின்றபடியே அதைக் கழற்றி நீட்டினாள். "துப்பட்டாவப் போத்திட்டு அங்கயே நில்லு மக்கா, இப்பப் பிரிச்சுத் தாறேன்" என்று சொல்லிவிட்டு ஷைஜா மெஷினில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் கட்டம் போட்ட சட்டையை வெளியே விட்டிருந்தார், காலில் சாதாரணச் செருப்பு. இன்னொருவர் வாசலில் நின்று போனை நோண்டினார். கட்டம் போட்ட சட்டைக்காரர் ஏதோ சொன்னார். மெஷின் சத்தத்தில் கடைசி வார்த்தைகள்தான் அவள் காதில் விழுந்தன.

"...அளவு பாக்கணும்."

தையல்கடைக்கு வருகிறவர் அளவு என்றால் அவள் என்னவென்று நினைப்பாள்? "இரிங்க சார், இப்ப வாறேன். பேண்டா, சட்டையா?" என்று கேட்டாள்.

அவர் முகம் சுருங்கியது. சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டி, அவள் கண் அதில் படுவதற்குள் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். பழைய அளவுச் சீட்டைக் காட்டுகிறார் என்றே அவள் நினைத்தாள். தலையாட்டிவிட்டு மறுபடி ரவிக்கைக் கையின் தையலைப் பிரிக்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது அவர் திரைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"சார், அங்க போவப்பிடாது."

அவள் சத்தம் போட்டது அவருக்கு வேறு மாதிரி விளங்கியிருக்கிறது. போகக்கூடாது என்றால் அங்கேதான் சரக்கை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, திரையைச் சர்ரென்று இழுத்துவிட்டார்.

பிரீனா அலறினாள். மெஷின் மேல் கிடந்த மர ஸ்கேல் எப்படிக் கைக்கு வந்தது என்று ஷைஜாவுக்கே தெரியாது. அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். ஸ்கேல் இரண்டாக முறிந்தது. கையில் மிஞ்சிய துண்டையும் அவள் கீழே போடவில்லை. தெருவே திரண்டு வருவதற்குள் பிரீனா திரையை இழுத்து மூடிக்கொண்டாள். வாசலில் நின்றவர் உள்ளே சாடி வந்து, "வரி ஆபீசரையா அடிக்கிய?" என்று கத்தினார். அப்படிச் சொல்லிக்கொண்டு யார் வேண்டுமானாலும் வரலாமே என்று அவள் நம்பவில்லை.

சாலை வளைவுக்கு அப்பால் நிறுத்தியிருந்த ஜீப்பிலிருந்து வரி ஆபீஸ் ஓட்டுநர் சுயம்புராஜ் ஓடி வந்தான். அவன் போட்டிருந்த காக்கி அவள் தைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் வந்தவர்கள் யாரென்றும், அவர் கேட்டது கடைச் சரக்கின் அளவை என்றும் அவளுக்கு உறைத்தது. உறைத்ததும் பயம் வரவில்லை, கோபம் இன்னும் ஏறியது. வண்டியில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு உடுப்பு உண்டு. பெண்பிள்ளை நிற்கிற திரையை இழுக்கிறவருக்கு உடுப்பு கிடையாதாம். இது என்ன நியாயம்?

சாயங்காலமே ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. அரசு ஊழியரை வேலை செய்ய விடாமல் தடுத்து அடித்தாள் என்று புகார். அவள் புறப்படும் முன்னே பிரீனாவின் அம்மா ஞானபாய் அழுதுகொண்டே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளைக்க பேரு வெளிய வரப்பிடாது ஷைஜா. மாப்பிள வீட்டுக்காரங்க காதுல விழுந்தா என்னவெல்லாம் பேசுவாங்கண்ணு உனக்குத் தெரியாதா?"

ஏன் அடித்தாள் என்று ஷைஜா சொல்ல வேண்டுமானால் திரைக்குப் பின்னால் நின்றவளைச் சொல்ல வேண்டும். அவளைச் சொன்னால் கல்யாணத்துக்கு வினை. சொல்லாவிட்டால் ஷைஜா வரி ஏய்க்க அதிகாரியை அடித்த பெண். ஸ்டேஷன் வரைக்கும் ரசலையன் பைக்கின் பின்னால் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரியின் பெயர் ஜான்ரோஸ் என்று அங்கேதான் தெரிந்தது. தோளைத் தடவிக்கொண்டு, "பாத்தாலே தெரியலியாம்மா?" என்று கேட்டார்.

"பாத்தா தெரியணும்ணுதான சார் உலகத்துல உடுப்புண்ணு ஒண்ணு தைக்கிது?"

"யூனிபார்ம் போட்டுட்டு வந்தா, நாங்க தெருமுனையில திரும்பும்போதே பாதிச் சரக்கு பின்வாசல் வழியாப் போயிரும்."

அவர் சொன்னது முழுப் பொய் அல்ல. அப்படிச் சரக்கைக் கடத்துகிறவர்கள் யார் யார் என்று கடைத்தெருவில் இருக்கிற அவளுக்குத் தெரியாதா? தெரியும் என்பதால்தான் எரிச்சல் கூடியது. "அப்ப தெருவுல போடாண்டாம். எனக்க வாசப்படியில கால வைக்கும்போ நெஞ்சுல பேரக் குத்தப்பிடாதா? ஆட்டோக்காரன் குத்துகான், எனக்க மாப்பிள குத்துகாரு. உங்களுக்கு மட்டும் நெஞ்சு வலிக்குமா?"

ரசலையன் அவள் முழங்கையைத் தொட்டான். பெண் இன்ஸ்பெக்டர் வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்கினார். பிறகு, "சும்மா எதுக்கு அடிப்பீங்க? திரைக்குப் பின்னால யாராவது இருந்தாங்களா?" என்று ஷைஜாவைக் கேட்டார்.

ஷைஜா ஜான்ரோஸின் முகத்தைப் பார்த்தாள். யார் இருந்தார்கள் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் இல்ல மேடம்" என்றாள்.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெறலாம் என்று பேசி முடித்தார்கள். 'அவசரப்பட்டு அடித்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று இன்ஸ்பெக்டர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு அழுதாள். அடித்ததற்காக அல்ல, மன்னிப்புக் கேட்டதற்காக அழுதாள்.

பிரீனாவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ரவிக்கை அளவெடுத்தாற்போல் இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். மறுநாள் கடையைத் திறந்ததும் ஷைஜா வேறு வேலை எதையும் தொடாமல் காக்கித் துணியை விரித்து வெட்டினாள்.

"ஏட்டி, இது ஆருக்கு?" என்று ரசலையன் கேட்டான்.

"நான் மன்னிப்பு கேட்ட ஆளுக்கு" என்றாள்.

வரி ஆபீசில் ஜான்ரோஸ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அன்றும் கட்டம் போட்ட சட்டைதான். தைத்து முடித்த காக்கிச் சட்டையை அவள் அவர் கோப்புகளின் மேலேயே விரித்தாள். பைக்கு மேல் சிவப்பு நூலில் 'ஜான்ரோஸ், வரி அதிகாரி' என்று தைத்திருந்தது.

"என்னம்மா இது?"

"அளவு பாக்கணும்ணு சொன்னியல்லா சார். பாத்தாச்சு. தோளு அளவு எனக்கு மறக்காது."

"இதெல்லாம் போடணும்ணு கவர்ன்மெண்டு ஆர்டர் ஒண்ணும் இல்ல."

"திரையப் பிடிச்சு இழுக்கணும்ணு ஆர்டர் இருந்துதா?" பக்கத்து மேசைகளில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். "அந்தப் பிள்ளைக்க பேர நான் சொல்லல்ல. சொல்லியிருந்தா நீங்கதான் மன்னிப்பு எழுதிக் குடுத்திருக்கணும், நான் இல்ல. இனி ஒரு கடையில ஏறும்போ இதப் போட்டிட்டு ஏறுங்க."

ஜான்ரோஸின் காது மடல் சிவந்துபோயிற்று. வாசலில் நின்ற ஓட்டுநரைக் கூப்பிட்டு, "சுயம்புராஜ், இத எடுத்துட்டுப் போ. நீயே போட்டுக்கோ" என்றார்.

சுயம்புராஜ் வந்து சட்டையைக் கையில் எடுத்தான். பைக்கு மேலிருந்த எழுத்தை வாசித்தான். பிறகு ஒழுங்காக மடித்து, எழுத்து மேலே தெரியும்படி அதே இடத்தில் வைத்தான்.

"இதுல உங்க பேருல்லா சார் இருக்கு" என்றான்.