கல்லீரலுக்கு எந்த எண்ணெய்?

எண்ணெய்க் கடையில் நிற்பவனை ஊர் பாதி டாக்டராக்கிவிடும். என்னைப்போல் அளந்து ஊற்றி ஊற்றிக் கை வழுவழுத்துப்போன சகோதரர்களுக்கு இது புரியும். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிதில் மலாக்கா காஜா பெராங் பகுதியில் ஒரு கடையில் நின்றேன். அப்போது என்னைப் பிடித்துக்கொண்டது ராஜமாணிக்கத்தின் கல்லீரல்.

சனிக்கிழமை விரதம்

ராஜமாணிக்கம் அரசாங்க ஆபீசில் தற்காலிகக் கிராணி, அதாவது குமாஸ்தா. உடற்சோதனையில் தேறினால்தான் வேலை நிரந்தரம். டாக்டர் வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார், கல்லீரல் பருத்திருந்தது. குடிப்பாயா என்று கேட்டார். இவரோ கள்ளை மோந்துகூடப் பார்க்காத மனிதர். அப்படியானால் கொழுப்புதான் ஏறியிருக்கிறது, எண்ணெயைக் குறைத்து உடம்பை இளைத்துக்கொண்டு வா, பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

சில வாரம் கழித்துக் கடைக்கு வந்தார். தலைமுடி தேங்காய் நார் மாதிரி நின்றது. எண்ணெயைக் குறைத்தீர்களா என்று விசாரித்தேன். பக்கத்துக் கடை வடையைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "சனிக்கிழம எண்ணெ தேச்சுக் குளிக்கிறதையே நிறுத்திட்டேண்ணே. கண்ணெல்லாம் எரியுது, இந்தக் கல்லீரல் மட்டும் எறங்க மாட்டேங்குது!"

ஐஸ் பெட்டிச் சோதனை

எந்த எண்ணெய் கல்லீரலில் போய் உட்காருகிறது? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நம் வாடிக்கைக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு மருந்து கலக்கும் டிரெஸர். அவரைப் பிடித்தேன். நெய், தேங்காயெண்ணெய் மாதிரிக் கெட்டியாகிற வகைதான் கல்லீரலில் அதிகம் சேரும், நல்லெண்ணெய் அதைவிடத் தேவலை என்று பெரிய டாக்டர் நினைக்கிறாராம்.

கெட்டியாகிறதா, பார்த்துவிடுவோமே! எதிர்க் காப்பிக் கடை ஐஸ் பெட்டியில் சோடாப் போத்தல்களுக்கு நடுவே இரண்டு எண்ணெயையும் வைத்தேன். சாயங்காலம் தேங்காயெண்ணெய் மெழுகுவர்த்தியாகிக் கிடந்தது, நல்லெண்ணெய் ஓடியது. ராஜமாணிக்கத்தின் கல்லீரலையே நேரில் பார்த்துவிட்ட பெருமையோடு டிரெஸரிடம் ஓடிக் காட்டினேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "வயித்துக்குள்ள என்ன ஐஸா வச்சிருக்கீங்க? ஒடம்புச் சூட்டுல அது ஒறையாதுய்யா. எந்த எண்ணெயா இருந்தாலும் அளவ மொதல்ல கொறைக்கச் சொல்லுங்க!"

பால் எப்போது எண்ணெயாயிற்று?

டிரெஸர் சொன்னதை அப்படியே ராஜமாணிக்கத்திடம் ஒப்பித்தேன். அவர் காதில் ஏறியது பாதிதான். நெய்யை ஒதுக்கினார், நல்லெண்ணெயை மருந்தாகவே நினைத்து இட்லியை அதில் மிதக்கவிட்டார். தேங்காயெண்ணெயை வீட்டை விட்டே விரட்டியவர், பக்கத்து வீட்டில் மலாய் பேசும் மலாக்காச் செட்டி அக்கா கொடுத்தனுப்பும் தேங்காய்ப்பால் குழம்பை மட்டும் சட்டியோடு வழித்தார். அதுவும் கொழுப்புத்தானே என்றதற்கு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது சந்தான்லா அண்ணே, தேங்காப்பாலு! பாலு எப்ப எண்ணெயாச்சு?"

மருந்துப் போத்தல்

மாதாமாதம் எண்ணெய்க்கு அவர் வீட்டிலிருந்து வரும் பெரிய போத்தல் அடுத்த மாதம் வரவில்லை. அவர் மனைவி சரசு, ஆஸ்பத்திரி மருந்து வாங்கிய சின்னப் போத்தலைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நீட்டினார். மாசத்துக்கே இதுதான், குழம்புச் சட்டியும் இனி வீட்டுக்குள் வராது, ஆபீசுக்கு நடந்துதான் போகிறார் என்றார். வேலை கைநழுவிவிடும் என்று பயமாக்கும் என்று கேட்டுத் தொலைத்தேன். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது: "வேல போனா இன்னொரு வேல தேடிக்கலாண்ணே. இவரு போனா எங்க போய்த் தேடுவேன்? ஊத்துங்க, கழுத்து வரைக்கும் வேணாம்."

காணாமல் போனது

சில மாதம் கழித்து அவர் மறுசோதனைக்குப் போன அன்று எனக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. மூன்று பேருக்கு எண்ணெயை மாற்றி ஊற்றினேன். மத்தியானம் ராஜமாணிக்கம் வந்தார். சட்டை தொளதொளவென்று ஆடியது. நெய் சொட்டும் லட்டு ஒன்றை என் வாயில் திணித்துவிட்டு, தான் தொடாமல் விரலைத் துடைத்துக்கொண்டார். "டாக்டர் அழுத்தி அழுத்தித் தேடினாருண்ணே, கல்லீரல் கைக்கு அகப்படல. எங்கய்யா போச்சுன்னு கேட்டாரு. வெளிய பெஞ்சில ஒக்காந்திருக்கா, எம் பொண்டாட்டியக் கேளுங்கன்னுட்டேன். கையெழுத்துப் போட்டுட்டாரு!"

எண்ணெய் விற்றே பிழைத்த எனக்கு ஆயுளில் ஒருமுறை கிடைத்த லட்டு, விற்காத எண்ணெய்க்காகக் கிடைத்தது.