அம்மன் களத்தில் என் பெயர்

கல்வராயன் மலையில் எங்கள் ஊர் வீடுகளுக்கு நடுவே ஒரு களம் உண்டு. மூன்று கல், ஒரு கடுக்காய் மரம், அவ்வளவுதான் அம்மன் கோயில். சுவர் கிடையாது, வேலி கிடையாது. புதுச் சாமையில் முதல் பொங்கல் அங்கேதான். அந்த இடம் யாருடையது என்று கேட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

ட்ரோன் வைத்து ஊரை அளக்கப் போவதாகக் கிராம சபை கூட்டினார்கள். மக்கள் பங்கேற்பு இருந்தால்தான் திட்டம் நடக்கும் என்றார் வந்த அதிகாரி. அவரவர் மனையைச் சுற்றிச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட வேண்டும், மேலிருந்து படம் எடுப்பார்கள், பிறகு பட்டா வரும். எல்லோரும் கை தூக்கினோம். எட்டாவது படித்தவன் என்று என்னிடம் வாளியைக் கொடுத்துப் பொறுப்பாளராக்கினார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் வீடு வீடாகப் போட்டோம். ஒரு சாண் இடத்துக்கும் வாக்குவாதம். மாட்டுக்கொட்டகையை உள்ளே கொண்டுவரக் கோட்டை வளைத்து வளைத்து இழுத்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து அவர் மனைவியே, "அப்படியே சேலம் வரிக்கும் இழுத்துக்கினு போயேன்" என்றாள்.

களத்துக்கு வந்தபோது பொடி மீதி இருந்தது. பூசை வைப்பவர் என் மனைவியின் தம்பி. இங்கேயும் போடட்டுமா என்று கேட்டேன்.

"சாமி எடத்துக்குக் கோடு போட நாம யாரு மாமா? போட்டவன் தன்னுதுன்னு சொன்ன மாரி ஆயிடும்."

எனக்கும் அது சரியென்று பட்டது. வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன். மறுநாள் காலை அந்த இயந்திரம் தேனீக் கூட்டம் போல இரைந்துகொண்டு களத்துக்கு நேர் மேலே வந்து நின்றது. அம்மன் தலைக்கு மேல் ஒன்று நிற்பதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பிறகு வரைபடத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். எல்லா வீடும் இருந்தது. களம் இருந்த இடத்தில் அரசு நிலம் என்று எழுதியிருந்தது. அங்கே ஏதோ கட்டடம் வரப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். ஆட்சேபம் சொல்ல ஒரு மாதம் கொடுத்திருந்தார்கள். பஸ் மலையேறாத மழையில் அந்த மாதமும் ஓடிப்போய், கடைசி நாளில்தான் மச்சானும் நானும் மலையிறங்கி ஆபீஸுக்குப் போனோம்.

கோயில் பெயரில் பதிவு எதுவும் இல்லை என்றார் அங்கிருந்தவர். "உரிமை கேக்கற ஆள் பேரு ஒண்ணு இருந்தாத்தான் கம்ப்யூட்டர் எடுத்துக்கும். யார் பேரு போடட்டும்?"

மச்சான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். தாயே, உனக்காகத்தான் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு என் பெயரைக் கொடுத்தேன். ரேகை எடுக்கும் கருவியில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். திரும்பி வரும்போது மச்சான் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

நல்ல காரியம் என்றுதான் ஊர் சொன்னது. திருத்திய வரைபடத்தில் களத்தின் மேல் என் பெயர் வந்தது. பட்டாவும் வந்தது. அந்த வருஷம் பொங்கல் வைக்க நாள் குறித்தவர்கள், இடத்துக்காரர் உத்தரவு வேண்டும் என்று சிரித்துக்கொண்டே என்னைக் கேட்டார்கள். மச்சான் சிரிக்கவில்லை. திருநீறுக்குக் கை நீட்டினேன். அவர் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, "எடுத்துக்குங்க மாமா" என்றார்.

ஊர்ப் பொதுவுக்கு மாற்றச் சொல்லி மூன்று முறை மனு கொடுத்தேன். என் பெயரை எடுத்தால் மறுபடி அரசு நிலமாகிவிடும் என்றார்கள். அதற்குப் பயந்து விட்டுவிட்டேன்.

போன மாதம் நெஞ்சுவலி வந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தேன். திருப்பூரில் வேலை செய்யும் பெரிய மகன் பார்க்க வந்தான். நான் வீடு திரும்பிய அன்று பெட்டியிலிருந்து பட்டாவை எடுத்துத் தன் தம்பியிடம் எதையோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அது அம்மனுடையது, வெறும் காகிதத்துக்காகத்தான் என் பெயர் என்றேன்.

"நம்ம பேர்லதான இருக்குது? ஒனக்கப்புறம் எங்க ரெண்டு பேருக்குந்தான?" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

களத்தை அளக்க டேப் வாங்கி வந்திருந்தார்கள். கட்டிலில் படுத்தபடியே கும்பிட்டேன். என் பிள்ளைகளை ஒன்றும் செய்துவிடாதே தாயே என்றுதான் வாயில் வந்தது. களத்தைக் காப்பாற்று என்று வரவில்லை.