பாசஞ்சர் ரயிலில் ஷமீமோடு போட்ட சண்டை

கரித்தூள் கண்ணில் விழும் என்று எஞ்சின் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவோம். அப்படியும் விழுப்புரத்தில் இறங்கும்போது தாவணியெல்லாம் கறுப்புப் புள்ளி. தேய்த்தால் பரவும்... ஊதித்தான் தள்ள வேண்டும்.

அறுபதுகளின் கடைசி. நானும் ஷமீமும் திண்டிவனத்திலிருந்து தினமும் பாசஞ்சரில் கல்லூரிக்குப் போய்வந்தோம். பி.எஸ்ஸி. விலங்கியல், கடைசி வருடம். என் சித்தப்பாவுக்கு விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அவர் கூடவே வருவார் என்பதால்தான் அப்பா என்னைப் படிக்க அனுப்பினார்.

அந்த வாரம் வகுப்பில் ஒரு புதுப் பாடம். புத்தகத்தில் இல்லை, லெக்சரர் போர்டில் படம் போட்டு விளக்கினார்.

குடலில் வாழும் ஒரு பாக்டீரியா. பாலில் இருக்கும் சர்க்கரையை ஜீரணிக்க அதற்கு ஓர் என்சைம் வேண்டும். அதைத் தயாரிக்கும் குறிப்பு ஜீனில் இருக்கிறது. ஆனால் ஒரு புரதம் அங்கே உட்கார்ந்துகொண்டு, குறிப்பைப் படிக்க விடாமல் தடுக்கிறது. பால் சர்க்கரை வந்து பிடித்துக்கொண்டால் அந்தப் புரதம் விலகும், என்சைம் தயாராகும். சர்க்கரை தீர்ந்ததும் பழையபடி வந்து உட்கார்ந்துவிடும்.

பாடம் அவ்வளவுதான். சண்டை ரயிலில்.

“இவ்ளோ கணக்கா ஒண்ணு தானா வந்திருக்குமாடி? ஒருத்தன் வெச்சாத்தான் உண்டு” என்பாள் ஷமீம்.

“வெக்கிறதுக்கு ஆளே தேவையில்ல. கொஞ்சங்கொஞ்சமா மாறி, எது பொழச்சுதோ அது நின்னுச்சு” என்பேன் நான்.

எதிர் சீட்டில் சித்தப்பா எப்போதும் தூங்கிக்கொண்டு வருவார். அன்றைக்குத் தூங்கவில்லை.

“இன்னா பாப்பா சொன்ன? சாமியே இல்லன்றியா? இதுக்கா உன்ன அனுப்பிக்கினு இருக்காரு அண்ணன்? சாயங்காலம் சொல்லிடறேன். படிச்ச வரைக்கும் போதும்.”

சித்தப்பா சொன்னால் அப்பா மறுபேச்சு பேச மாட்டார்.

ஷமீம்தான் வாயைத் திறந்தாள். “சொல்லிடாதீங்க சித்தப்பா. இவளை நிறுத்திட்டா நான் யார்கிட்ட சண்ட போட்டுக்கினு படிக்கிறது? நான் ஆண்டவன் வெச்சதுன்றேன், இவ இல்லன்றா. நீங்களே கேட்டுட்டு சொல்லுங்க, யாரு சரின்னு.”

மயிலம் தாண்டும் வரை பாடம் முழுவதையும் அவருக்குச் சொன்னாள். அவரும் கேட்டார். நான் பேசாமல் இருந்திருக்கலாம்... முடியவில்லை.

“ஒருத்தர் யோசிச்சி வெச்சிருந்தா நேரா வெச்சிருக்க மாட்டாரா சித்தப்பா? வேலையத் தடுக்க ஒருத்தன உக்கார வெச்சி, அவன எழுப்ப இன்னொருத்தன அனுப்புவாரா?”

சித்தப்பா சிரித்துவிட்டார். “எங்க ஆபீஸ் அப்டித்தாம்மா நடக்குது. அதையும் ஒருத்தர் யோசிச்சித்தான் வெச்சாரு.”

“பாத்தியா!” என்று ஷமீம் என் தொடையில் ஒரு தட்டு தட்டினாள்.

சாயங்காலம் அப்பா வழக்கம்போல, “எப்டி படிக்குது?” என்று கேட்டார்.

“நல்லாத்தான் படிக்குதுண்ணே. ஆனா அந்த பாய் வூட்டுப் பொண்ணு இன்னும் நல்லா பேசுது” என்றார் சித்தப்பா, செருப்பைக் கழற்றிக்கொண்டே.

மறுநாள் ரயில் நகர்ந்ததுமே, “ஜல்தி ஆரம்பிங்க. விக்கிரவாண்டி வர்றதுக்குள்ள முடிச்சாத்தான் நான் தூங்க முடியும்” என்றார்.

ஷமீம் கல்யாணமாகிக் கோட்டக்குப்பம் போனாள். இப்போது கணவரோடு குவைத்தில் இருக்கிறாள். நான் அதே பாடத்தை வகுப்பில் நடத்துகிறேன். அன்றைக்குத் தெரியாத எவ்வளவோ இன்று தெரிந்திருக்கிறது. என் பக்கம் மாறவில்லை.

மாணவிகள் அழகாகப் படம் வரைகிறார்கள், முழு மார்க் வாங்குகிறார்கள். யாரும் என்னோடு சண்டைக்கு வருவதில்லை. அதனால் ஷமீமின் பக்கத்தையும் நானே பேசிப் பார்க்கிறேன்.

அதையும் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.