கரண்டியைக் குறுக்கே வைக்காதவன்

என் குசினி மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை இருக்கிறது. இடை சிறுத்து, வாய் விரிந்து, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் ஒரு சின்னக் கரண்டி. இரண்டும் என்னோடு பாண் தொழிற்சாலையில் வேலைசெய்த துருக்கி அண்ணை ஊருக்குத் திரும்பும்போது தந்துவிட்டுப் போனவை. சோடிக் குவளையையும் கரண்டியையும் அவர் தன்னோடு கொண்டுபோனார்.

ஒன்பது வருடம் நாங்கள் இருவரும் ஒரே பட்டியின் முன்னால் அடுத்தடுத்து நின்றோம். அதில் ஓடிவரும் பணிஸ் என்ற குட்டிப் பாண்களில் கோணலானவற்றைப் பொறுக்கி எறிவது எங்கள் வேலை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான். அதனால் கையாலும் கண்ணாலும் கதைத்துக்கொண்டோம். அவர் என்னைக் "கொம்சு" என்று கூப்பிடுவார். அவர்கள் மொழியில் அயலவன் என்று பொருள். குடும்பம் முழுவதும் ஊரில் இருக்க, அவர் எங்கள் நகரத்து மோர்னிங்சைட் பகுதியில் ஒரு நிலக்கீழ் அறையில் இருந்தார். நான் பக்கத்துப் பகுதியான மல்வேர்னில் இன்னொரு நிலக்கீழ் அறையில். ஊரெப்படி என்று ஒருநாள் கேட்டபோது, கழிவு மாவை எடுத்து மேசையில் கூம்பு கூம்பாகப் பிடித்து நிறுத்தி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

இடைவேளை விட்டதும் சாப்பாட்டு அறையின் மூலை மேசையில் இருந்துகொண்டு, கரண்டியால் குவளையில் இரண்டு தட்டுத் தட்டுவார். எத்தனை பேர் கத்திக் கதைத்தாலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். "கொம்சு, சாய்?" என்பார். சூடு காக்கும் போத்தலில் சிவந்த வெறும் தேநீர் கொண்டுவருவார். என் குவளை வெறுமையானதும் நிரப்புவார். குடிப்பேன். மறுபடி நிரப்புவார். தந்ததை மிச்சம் விடக்கூடாது என்று வளர்ந்தவன் நான், அதையும் குடிப்பேன். நான்கு குவளை முடிந்து போத்தல் காலியாகும்போது வயிறு குலுங்கும். தான் மட்டும் ஒரு குவளையோடு நிறுத்தி, கரண்டியைக் குவளையின் வாய்க்குக் குறுக்கே கிடத்திவிடுவார். சிலர் சாப்பிடுமுன் மணிக்கூட்டைக் கழற்றி வைப்பதைப் போல அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஓய்வுபெற்று ஊருக்குப் போகும் நாளில், பணிஸ் பெட்டியின் மட்டையைக் கிழித்து விலாசமும் தொலைபேசி இலக்கமும் எழுதித் தந்தார். தேநீர் ஊற்றுவதுபோலக் கையைச் சரித்துக் காட்டி, வா என்றார். நான் ஒருமுறையும் அழைக்கவில்லை. தொலைபேசியில் கை தெரியாதே, எதைக்கொண்டு கதைப்பது?

நான்கு வருடம் அப்படியே போனது. சென்ற இலையுதிர் காலத்தில் எங்களுடைய தமிழாட்கள் சிலர் துருக்கிக்குச் சுற்றுலா போவதாக அறிந்து, யாருக்கும் காரணம் சொல்லாமல் பெயரைக் கொடுத்தேன். பேருந்து நிறையச் சோடிகள். என் பக்கத்து இருக்கையில் என் பைதான் இருந்தது. முன் இருக்கையில் இருந்த, ஒஷாவாவிலிருந்து வந்த பெண் முதல் நாளே திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணை, தனியவோ வந்தனீங்கள்? அன்ரி வரேல்லையோ?"

"நான் கலியாணம் கட்டேல்லைப் பிள்ளை."

"அப்ப நல்லதாப் போச்சு! எங்களைப் படமெடுக்க ஒரு ஆள் கிடைச்சிட்டுது," என்றார் அவள் கணவர்.

அப்படியே ஆனது. இஸ்தான்புல்லின் பெரிய பள்ளிவாசல் முன்னாலும், வெள்ளைப் பாளமாய்க் கிடந்த உப்பேரியின் கரையிலும் நான் எல்லோரையும் படமெடுத்தேன். என் படம் ஒன்றுகூட இல்லை. கப்படோக்கியாவில் இறங்கியபோது கமராவைத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. வெளிறிய மண்நிறத்தில் கூம்பு கூம்பாகக் கற்கள், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. அண்ணை மாவில் பிடித்துக் காட்டியது இதைத்தான்.

மறுநாள் ஓய்வு நாள். மற்றவர்கள் பலூனில் ஏறப் போனார்கள். விடுதிக்காரர் அண்ணை எழுதித் தந்த மட்டையைப் படித்துப் பார்த்து, கிராமத்துக்குப் போகும் சிறு பேருந்தில் என்னை ஏற்றிவிட்டார். திரும்பி வரும் கடைசிப் பேருந்து மூன்று மணிக்கு என்று விரலால் காட்டினார்.

கிராமத்துச் சந்தியில் ஒரு தேநீர்க்கடை. அங்கே மட்டையைக் காட்டினேன். கடைக்காரர் மேட்டில் இருந்த நீலக் கதவைக் காட்டினார். நூறு அடி தூரம் இருக்காது. ஆனாலும் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். முடிந்ததும் கடைக்காரர் நிரப்பினார். குடித்தேன். மீண்டும் நிரப்பினார். ஐந்தாவது குவளையில் மணி இரண்டைத் தாண்டிவிட்டது. தேநீரைச் சாட்டி நான் கூச்சத்துக்குள் ஒளிந்திருந்தேன் என்பதுதான் உண்மை.

அப்போது அடுத்த மேசையில் இருந்த கிழவர் குடித்து முடித்து, கரண்டியைக் குவளைக்குக் குறுக்கே கிடத்தினார். தேநீர்த் தட்டோடு வந்த கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு அவரைக் கடந்து என்னிடம் வந்தார். என் கரண்டி தட்டத்தில் கிடந்தது. நிரப்பினார்.

அப்போதுதான் விளங்கியது. குறுக்கே வைத்தால், 'போதும்' என்று பொருள். ஒன்பது வருடமாக நான் போதும் என்று சொல்லவேயில்லை. அவர் தன் கரண்டியை ஒரு குவளையோடு கிடத்திவிட்டு, போத்தலில் மிச்சம் இருந்ததையெல்லாம் எனக்கு ஊற்றியிருக்கிறார்.

கரண்டியைக் குறுக்கே வைத்துவிட்டு எழுந்து நடந்தேன். நீலக் கதவுக்கு வெளியே சப்பாத்துகள். பெரியவை, சிறியவை, ஒரு குழந்தையின் சிவப்புச் சப்பாத்து, எல்லாமாகப் பத்துப் பன்னிரண்டு சோடி. நடுவில் எங்கள் தொழிற்சாலைச் சப்பாத்து, இரும்பு நுனி தெரியத் தேய்ந்துபோய். உள்ளே பாத்திரச் சத்தமும் பல குரல்களும் கேட்டன. அவற்றுக்கு மேலாக அவருடைய சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சாப்பாட்டு அறையின் மூலை மேசையில் அவர் புன்னகைத்ததோடு சரி.

கையை உயர்த்தினேன். தட்டவில்லை. நிறைந்திருந்த அந்த வீட்டில் என் சப்பாத்தை எங்கே கழற்றி வைப்பது என்று தெரியவில்லை. மூன்று மணிப் பேருந்தைப் பிடித்துவிட்டேன்.

"எங்கையண்ணை போனனீங்கள்?" என்று கேட்டாள் ஒஷாவாப் பெண்.

"சும்மா, தேத்தண்ணி குடிக்க."

"பலூனை விட்டுட்டுத் தேத்தண்ணியோ! உதை வீட்டுக்குப் பக்கத்து டிம் ஹோர்ட்டன்ஸ் கடையிலை குடிச்சிருக்கலாமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பி வந்த பிறகு அந்த நீலக் கதவு என்னோடே இருந்தது. வேலையில் பட்டியின் முன்னால் நிற்கும்போதும் அது கண்ணுக்குள் வந்து நின்றது. பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை காலை, அங்கே பின்னேரமாக இருக்கும் என்று கணக்குப் பார்த்து, மட்டையில் இருந்த இலக்கத்தை அழுத்தினேன். அவரேதான் எடுத்தார். "அலோ?" என்றார். தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "அலோ? அலோ?" வைத்துவிடப் போகிறார் என்று தெரிந்ததும், கையில் கிடைத்த கரண்டியை எடுத்து மேசையில் இருந்த குவளையில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

அந்தப் பக்கம் தொலைபேசியை மேசையில் வைக்கும் ஓசை. பிறகு கதிரை இழுபடும் ஓசை, தூரத்தே ஒரு அலுமாரி திறபடும் ஓசை. கண்ணாடியில் கரண்டி இரண்டு தரம் பட்டது.

"கொம்சு," என்றார். "சாய்?"

ஓம் என்று தமிழிலேயே சொன்னேன். கதவுவரை வந்து திரும்பியதை எப்படிச் சொல்வதென்று இன்னும் தெரியவில்லை. இருவரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு நெடுநேரம் இருந்தோம்.

இன்றைக்கும் சனிக்கிழமை, அவரை அழைக்கும் நாள். குவளையில் தேநீர் முடிந்துவிட்டது. கரண்டியை அதற்குள்ளேயே நிற்க விட்டிருக்கிறேன்.