ஃபைனல் நடந்த வெள்ளிக்கிழமை

என் மாமா சித்தூரில் டிகிரி படித்தபோது காலேஜ் புட்பால் டீமில் ஆடினார். அம்மாவுக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அம்மாதான் அவரை வளர்த்தாள். பீரோவோடு தம்பியையும் கல்யாணச் சீராகக் கொண்டுவந்தாள் என்று நைனா சொல்வார். அதில் குறை இருக்காது, சிரிப்புதான் இருக்கும்.

அந்த வருஷம் மாமாவின் டீம் தோற்கவே இல்லை. மதனப்பள்ளியில் ஜெயித்தார்கள், காளஹஸ்தியில் ஜெயித்தார்கள். குப்பத்தில் மழையில் ஆடிவிட்டு, முகம் அடையாளம் தெரியாத சேற்றோடு வாசலில் வந்து நின்றார். எல்லா கோலும் மாமா போட்டதுதான் என்று நான் நான்காம் வகுப்பில் சொல்லிவைத்திருந்தேன். அவர் கோல் போடுகிறவர் இல்லை, பின்னால் நின்று தடுக்கிறவர் என்பது எனக்குத் தெரியாது.

ஃபைனல் திருப்பதியில். அதைப் பார்த்துத்தான் யூனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுப்பார்கள். அதில் ஆடினால் ரயில்வேயில் வேலை கிடைக்கும் என்று வீட்டில் பேச்சு. அம்மா அதற்காக வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாள். ஒருவருக்காக இன்னொருவர் சாப்பிடாமல் இருந்து ஜெபிப்பது எங்கள் சபையில் வழக்கம். சாயங்காலம் சர்ச்சில் ஜெபம் முடிகிறவரை தண்ணீர்கூட வாயில் படக் கூடாது. ஃபைனலும் வெள்ளிக்கிழமையிலேயே விழுந்ததை அம்மா நல்ல அடையாளமாக எடுத்துக்கொண்டாள்.

மாமா என்னையும் கூட்டிப்போனார். இருவருக்குமாக அம்மா டிபன் டப்பா நிறைய இட்லி வைத்துக் கொடுத்தாள். பஸ் பாகாலா தாண்டியதும் மாமா டப்பாவைத் திறந்து என் மடியில் வைத்தார்.

"நீ துன்னல மாமா?"

"அக்கா பச்சத் தண்ணி இல்லாம கீறா. எனக்கோசரம். நான் எப்படிடா துன்றது? நீ துன்னு."

முன் சீட்டில் இருந்த கோல் கீப்பர் திரும்பிப் பார்த்தார். "ஏம்ரா, இன்னிக்கு ஆடப்போறது உன் மருமகனா?" பஸ்ஸே சிரித்தது. மாமாவும் சிரித்தார். எனக்கு இட்லி இன்னும் ருசியாக இருந்தது.

திருப்பதியில் வெயிலில் மலை வெளுத்துப்போய் நின்றது. பாதி ஆட்டம் வரை யாரும் கோல் போடவில்லை. இடைவேளையில் எல்லோரும் குளுக்கோஸ் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்கள். மாமா மட்டும் வாய் கொப்பளித்துத் துப்பினார். பெரிய ஆட்டக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்து நானும் ஒரு வாய் வாங்கித் துப்பினேன்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். எதிர் டீமில் ஒருவன் பந்தோடு ஓடிவந்தான். மாமா குறுக்கே ஓடினார். பாதியில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவன் அவரைத் தாண்டிப் போய் கோல் போட்டான். அதோடு முடிந்தது.

பி.டி. சார் மாமாவின் காலை நீவியபடி கேட்டார். "காலைல இன்னாடா துன்ன?"

"இட்லி சார்."

"துன்னவன் மாரியா கீற?"

மாமா பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

நாங்கள் வீடு சேர்ந்தபோது அம்மா ஜெபம் முடித்து வந்து, எங்களோடு சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருந்தாள். "போச்சுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமா குளிக்கப் போனார்.

"இட்லி போதுமா இருந்திச்சாடா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"எல்லாம் நானே துன்னேன்மா" என்றேன் பெருமையாக. "நீ துன்னாம கீறன்னு மாமா துன்னல. தண்ணிகூட துப்பிட்டாரு."

அம்மா என்னைத் திட்டவில்லை. வாய்க்கருகே கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, குளிக்கிற சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யூனிவர்சிட்டி டீமுக்குக் கோல் கீப்பரை எடுத்தார்கள். மாமாவை எடுக்கவில்லை. டிகிரி முடித்ததும் குப்பத்தில் கிரானைட் பாலிஷ் போடும் வேலைக்குப் போனார். அம்மாவும் மாமாவும் அந்த நாளைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஃபைனலுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை காலை அம்மா தட்டு வைத்துக்கொண்டு மாமாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் பார்க்கிற மாதிரி முதல் வாயை அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். "நீயும் துன்னுடா" என்றாள். மாமா குனிந்தபடி வெகுநேரம் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அம்மா உபவாசமே இருக்கவில்லை. சர்ச்சில் கேட்டவர்களுக்கு வயிற்றில் புண் என்று சொன்னாள்.

தோற்றதால் அம்மாவுக்குக் கர்த்தர்மேல் கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளை மன்னித்துவிடும்படி தினமும் போர்வைக்குள் ஜெபம் செய்தேன்.