ஜாடை டீச்சர்

இரண்டு கைகளையும் நெஞ்சோடு இழுத்துக்கொண்டால் ‘பிரிங்’. முன்னால் நீட்டித் தள்ளினால் ‘டேக்’. தையல்கடை மாடியறையில் நடக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்பில் இதைச் செய்து காட்டும் முன், டீச்சர் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்வார். கை வீச இடம் வேண்டுமே!

லாரி ஓட்டுநர், ஆஸ்பத்திரி ஆயா, கீழ்க்கடைத் தையல்காரர் என்று மாணவர்கள் எல்லாரும் வேலை முடித்து அலுப்போடு வருகிறவர்கள். இங்கே எழுதக் கூடாது என்பது சட்டம். “கையைப் பழக்குங்க, வாய் தானா வழிக்கு வரும்” என்பார். கடைவீதியில் யாராவது பேச்சின் நடுவே கையை இழுத்து, நீட்டி, விழித்தால் அது ஜாடை டீச்சரின் ஆள்தான்.

மகள் தனக்குப் பிடித்தவனோடு கடல் தாண்டிப் புறப்பட்டபோது, “போனா அப்படியே போயிடு” என்று சொன்னவர் இவர். இன்று போன் மணி அடித்தாலே அந்த வாய்தான் முந்திக்கொள்கிறது. “எப்ப வர்றேடி?” என்று கேட்டால், “பார்க்கலாம்மா” என்பாள் மகள். அந்தப் ‘பார்க்கலாமை’ வாரம் முழுக்க அசைபோடுவார். யாரும் படுக்காத கட்டிலுக்கு உறை மாற்றுவார். பெற்ற பெண்ணைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வகுப்பில் மட்டும், “பொண்ணு வரப்போறா” என்று கெத்தாகச் சொல்லி வைத்திருந்தார்.

அன்றைக்குப் பாடம் ‘எக்ஸ்பெக்ட்’, ‘ஹோப்’.

“தமிழ்ல ரெண்டுக்கும் எதிர்பார்க்கிறேன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். இங்க நடக்காது. பஸ் வரும்னு தெரிஞ்சு கடிகாரத்தைப் பார்த்தா, எக்ஸ்பெக்ட்.” இடது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். “வருமான்னே தெரியல, ஆனா அந்த இடத்தை விட்டு நகர மனசில்ல, வழியையே பார்த்துட்டு நிக்கிறோம். அது ஹோப்.” பார்வையை மாடிப்படி வாசலுக்குக் கொண்டுபோனார். ஆயாவும் தையல்காரரும் கடமையாக வாசலைப் பார்த்தார்கள்.

லாரி ஓட்டுநருக்குச் சூதுவாது தெரியாது. “டீச்சர், உங்க பொண்ணு வர்றதா சொன்னீங்களே, அது இதுல எது?”

“சும்மா இருய்யா” என்று ஆயா அவரை இடித்தாள்.

டீச்சர் சிரித்தபடி மணிக்கட்டை உயர்த்தினார். பாதி திரும்பிய கை அப்படியே நின்றது. பிறகு, வலக்கையால் கடிகாரத்தை மூடிக்கொண்டு வாசலைப் பார்த்தார்.