மூச்சை எண்ணிய எதிராளி

மூச்சு விடக் கற்றுக்கொள்ளுங்கள் என்று இரண்டு மாதம் முன்பு டாக்டர் சொன்னார். எனக்கு வயது ஐம்பத்திரண்டு.

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கம்பெனியில் குமாஸ்தா நான். காலையிலிருந்து பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டுக் கத்துவதுதான் உத்தியோகம். பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்? பிராணாயாமம் பழகினால் மனசு அமைதியாகும், கோபம் குறையும் என்றார் டாக்டர்.

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "மூச்சு விடறதுக்குக் கிளாஸா? அப்போ இத்தன வருஷமா என்ன பண்ணிண்டிருந்தேள்?"

பதில் தெரியாததால் கிளாஸில் சேர்ந்தேன்.

பள்ளிக்கூட ஹாலில் காலை ஆறு மணிக்கு வகுப்பு. நடத்துகிறவர் அங்கே டிரில் மாஸ்டர். பத்துப் பன்னிரண்டு பேர் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தோம். கடைசியாக உள்ளே வந்தவரைப் பார்த்ததும்... வந்த கொஞ்சம் அமைதியும் போயிற்று. அடுத்த வீட்டு ராவுத்தர்!

அவர் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரி. இரண்டு வருடம் முன்பு என் வாசலில் மூட்டைகளை இறக்கி, சாக்கை உதறினார். வீடு முழுக்கத் தும்மல். நான் ஒரு வார்த்தை சொன்னேன், அவர் இரண்டு சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது.

ஹாலில் என் பக்கத்து இடம் மட்டும்தான் காலி. மாஸ்டர் எங்களை ஜோடி சேர்த்துவிட்டார். ஒருவர் மூச்சு விட, மற்றவர் எண்ண வேண்டும். இரண்டு வருடம் கழித்து நான் ராவுத்தரிடம் பேசிய முதல் பேச்சு — "ஒண்ணு, ரெண்டு, மூணு."

மூச்சை அடக்க வேண்டாம், மெதுவாக இழுத்து மெதுவாக விட்டால் போதும் என்று மாஸ்டர் தினமும் சொன்னார். நாங்கள் கேட்டோமா? ராவுத்தர் இருபது வரை அடக்கினால் நான் இருபத்திரண்டு. மறுநாள் அவர் இருபத்தைந்து. மன அமைதிக்காக இப்படிப் போட்டி போட்டவர்கள் உலகத்தில் வேறு யாராவது உண்டா?

மூன்றாவது வாரம் நான் நாற்பதைத் தொட்டேன். மறுநாள் ராவுத்தர் முறை. கண்ணை மூடி அடக்கினார். முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... வேண்டுமென்றே இழுத்து இழுத்து எண்ணினேன். நாற்பத்தொன்றில் வாயைத் திறந்தார். மூச்சு வரவில்லை — விசில் மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. உதடு நீலம் பாரித்தது. அவர் கை என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

மாஸ்டர் ஓடிப்போய் ரிக்ஷா கூட்டிவந்தார். ராவுத்தரை ஏற்றி நானும் கூட உட்கார்ந்தேன். பஜார் வழியெல்லாம் அவர் முதுகைத் தடவிக்கொண்டே எண்ணினேன். "மெதுவா விடுங்கோ ராவுத்தரே. ஒண்ணு... ரெண்டு..." இந்த மனுஷன் போய்விட்டால் அப்புறம் நான் யாரோடு பேசாமல் இருப்பது?

டாக்டர் ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் விசில் அடங்கியது. ஆஸ்துமாக்காரரை மூச்சை அடக்கச் சொன்னது யார் என்று அவர் கோபமாகக் கேட்டார்.

ராவுத்தர்தான் பதில் சொன்னார். "ஆரும் சொல்லல டாக்டரே. எனக்கு இழுப்பு உண்டுன்னு நான்தான் மறைச்சேன். சாமி பாவம், எண்ணிக்கிட்டு இருந்தார். அவ்வளவே உள்ளு, வேற ஒண்ணுமில்ல."

திரும்பி வரும்போது எனக்குத் தாங்கவில்லை. வேண்டுமென்றே மெதுவாக எண்ணினேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"தெரியும் சாமி," என்றார் ராவுத்தர். "நீங்க நாப்பது பிடிச்சப்போ நானும் அப்படித்தான் எண்ணினேன்."

ரிக்ஷாக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

டாக்டர் அனுமதித்த சுலபமான பயிற்சிகளை மட்டும் இப்போது ராவுத்தர் செய்கிறார். நானும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் போன வாரம் மாஸ்டர் எங்கள் ஜோடியைப் பிரித்து, ஹாலின் இரண்டு மூலைகளில் உட்கார வைத்துவிட்டார்.

பேச்சு அதிகமாம்.